மடித்தெடுத்த வலப்பக்கம்

அத்தியாயம் 14

அலீமா இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்ற செய்தி கரைத்தீவில் குறைந்தது ஐந்து வீட்டுக்காவது போய்ச் சேர்ந்திருந்தது. காரணம்தான் வீட்டுக்கு வீடு மாறியது. மாமியாரோடு கதை இல்லையாம் என்றாள் பக்கத்து வீட்டு றுக்கியா. இன்னொருத்தி விரல் மடித்து மாதம் எண்ணினாள். மாமியார் பளீலா உம்மா மட்டும், “சுன்னத்தான நோன்பு புடிக்கிறா போல, நல்லம்தானே” என்று விட்டுவிட்டார். அரிசி கிடைக்கிற காலமா இது? அவருக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை.

உண்மையான காரணம் ஒரேயொரு வசனம்.

அதைச் சொன்னவள் அலீமாவின் புருஷன் நளீருடைய தங்கை ஸுல்பிகா. மீனைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். மீன் தலையைப் பிளந்து ஊசிமுனையளவு கல்லை எடுப்பாள். அதே மீனைக் கறிக்கு வெட்டச் சொன்னால் முழிப்பாள் என்று ஊரில் பெயர் எடுத்தவள். சென்ற அத்தியாயத்தில் அவள் அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, புத்தளம் கச்சேரியில் அரசாங்க அதிகாரிகள் முன்னால் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்ததும், குசினி வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருந்த அலீமாவின் முகம் திடீரென்று வெளுத்ததும் நினைவிருக்கும்.

“எத்தாளைக் கரை மீன்களில் இடக்கல்லுக்கும் வலக்கல்லுக்கும் இடையில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூடக் கிடையாது.”

இவ்வளவுதான். கேட்டால் பசி போகிற வசனமில்லை. ஆனால் அலீமாவுக்குப் போயிற்று. அந்த மயிரிழைகள் எங்கே போயின என்று உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

*

இன்றுதான் கதைக்குள் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம்.

திரளி மீனின் தலைக்குள் இடம் ஒன்றும் வலம் ஒன்றுமாக இரண்டு சின்னக் கற்கள் இருக்கும். மீனின் காதுக்குள் இருக்கிற கல். நல்ல தண்ணீரில் வளர்ந்த மீனுக்கு இரண்டும் அநேகமாக ஒன்றுபோல இருக்கும். தண்ணீர் கெட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கோணலாக வளரும்.

கரைத்தீவுக் கரையில் இறால் பண்ணையின் கழிவுக்குழாய் வந்து விழுகிற இடத்தில் மீன் செத்து மிதக்கத் தொடங்கி மூன்று வருடம். பண்ணைக்காரர்கள் இப்போது இரண்டாவது குழாய்க்கு அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கான விசாரணைதான் இன்று கச்சேரியில். மீன் சாவது வெயிலால் என்பது அவர்கள் கட்சி. குழாயால்தான் என்று காட்ட ஸுல்பிகா குழாயடியில் முப்பது மீனும், களப்பு நீரைத் தாண்டி அந்தப் பக்கம் எத்தாளைக் கரையின் நல்ல தண்ணீரில் முப்பது மீனும் எடுத்தாள். பிடித்துக் கொடுத்தது நளீரின் படகு. அந்தக் காலத்தில் படகு ஓட மண்ணெண்ணெய் கிடைத்தது.

கல்லைப் படம் பிடிக்க வேண்டிய கமரா, ஒரு மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த வேகத்தில் கருகிப்போனது. பால்மாவுக்கே டொலர் இல்லாத நாட்டில் கமராவின் உதிரிப்பாகத்துக்கு யார் டொலர் கொடுப்பது? அப்போதுதான் ஸுல்பிகாவின் கண் மதினியின் கையில் விழுந்தது.

அலீமா மணப்பெண்களுக்கு மருதாணி போடுகிறவள். ஆலங்குடா வரைக்கும் அவளைக் கூப்பிட்டுத்தான் கலியாண நாளே குறிப்பார்கள். நுணுக்குக்காட்டியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்தினால் கல்லும் பென்சில் முனையும் ஒன்றாகத் தெரியும். கல்லின் விளிம்போடு பென்சிலை ஓட்டி, மெல்லிய தாளில் கோடு எடுக்க வேண்டியதுதான். அந்த வேலைக்கு அந்தக் கையைவிட வேறு கை இல்லை.

ஆளுக்கொரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். ஸுல்பிகாவின் சட்டம்: மீன் எந்தக் கரை என்று கேட்கக்கூடாது, என்ன தேடுகிறோம் என்றும் கேட்கக்கூடாது. தெரிந்தால் கை, ஆசைப்பட்டதைக் கீறும். அலீமாவின் சட்டம்: கோடு ஓடும்போது பக்கத்தில் மூச்சுச் சத்தம்கூட ஆகாது.

கோடு முடிந்ததும் பிடிக்கும் பேச்சு. “ஸுல்பி, இந்த ஓரத்தில வேப்பிலைக்கு இருக்கிற மாதிரிப் பல்லு இருக்கு, ஓடி வா” என்பாள் ஒருத்தி. நாலு வருடம் கல்லே கதி என்று கிடந்தவள் அப்போதுதான் அந்தப் பல்லைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அன்றிரவே பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவாள். கல்லுக்குள் வயதைச் சொல்லும் வளையங்கள் இருப்பதை ஸுல்பிகா காட்ட, அலீமா அதைக் கொண்டுபோய் மருதாணியில் இறக்குவாள். கற்பிட்டியில் எத்தனை மணப்பெண்கள் உள்ளங்கையில் திரளியின் காதைச் சுமந்துகொண்டு புருஷன் வீட்டுக்குப் போனார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிசகு வேறு இடத்தில் இருந்தது.

மணப்பெண்ணின் இரண்டு கையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இடக்கையில் ஏழு இதழும் வலக்கையில் ஆறும் என்றால் கலியாண வீட்டுப் பெண்கள் பிரியாணியை விட்டுவிட்டு அதைத்தான் மெல்லுவார்கள். அதற்காக அலீமா இடக்கைக்குரியதைத் தாளில் கீறி, மடித்து, அப்படியே வலக்கைக்கு எடுப்பாள். பதினாறு வருடத்துப் பழக்கம். கல்லைக் கீறும்போது இடத்துக்கும் வலத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் வந்தால் அவள் என்ன நினைப்பாள்? அல்லாஹ் படைத்த சோடி பிசகாது, என் கைதான் பிசகிவிட்டது என்று நினைத்தாள். வலக்கல் தாளைக் கசக்கி எறிந்தாள். இடக்கல் தாளை மடித்துக் கோட்டை எடுத்தாள். பெரிய கோணலாக இருந்தால் மட்டும் அப்படியே விட்டாள். அது கைப்பிசகு இல்லை என்று யாருக்கும் தெரியும்.

சொல்லாமல் விட்டது ஒருத்தியின் சட்டம். அழகாக்கியது மற்றவளின் பழக்கம். இரண்டும் சேர்ந்து இன்று பின்னேரம் இரண்டு மணிக்குக் கச்சேரி ஏறப்போகின்றன.

*

காலை எட்டரை மணிக்கே வீடு கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஊரில் இருந்து இருபத்தெட்டுப் பேர் கச்சேரிக்குப் போக ஒரு பழைய ரோசா பஸ் பேசியிருந்தார்கள். அதற்கு டீசல் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது என்பது ஏற்பாடு; ஆகவே எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

நளீர் மெத்தைக்கு அடியில் வைத்து மடிப்பெடுத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். இரண்டு மாதமாகக் கடலுக்குப் போகாதவனின் முகத்தில் இன்றுதான் ஒரு சிரிப்பு.

“எப்பிடி இருக்கு?”

“நல்லாருக்கு.” அலீமா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இண்டைக்கு ஸுல்பி வாயத் திறந்தாப் போதும். குழாய இழுத்து மூடுவாங்க. நீ ஏன் மையத்து வீட்டில இருக்கிற மாதிரி இருக்க?”

“தலையிடி.”

“உன்ட படத்தப் பெரிசா சுவத்தில காட்டப் போறாங்களாம். நீ சந்தோசப்படோணும் அலீமா.”

அலீமா சொல்லிவிட வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, “புள்ள, பஸ்ஸில ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு இடம்” என்று றுக்கியா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். பிறகு பளீலா உம்மா தேங்காய் கேட்டார். பிறகு யாரோ தண்ணீர் கேட்டார்கள். நேற்றும் இப்படித்தான். அலீமா பத்துத் தடவை சொல்ல எழும்பினாள். பத்துத் தடவையும் யாராவது ஒருவர் வந்தார், இல்லையென்றால் அவளுடைய தைரியம் போனது.

ஒன்பது மணிக்கு ஸுல்பிகாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மேசையில் அறுபது சோடித் தாள்களும் கட்டுக் கட்டாக இருந்தன. ஸுல்பிகா முந்தானையில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

“என்ன மதினி, உம்மா ஏதும் சொன்னாவா?”

“நான் மடிச்சிட்டன் ஸுல்பி.”

“என்னத்த?”

“கல்ல. வலப்பக்கத்துக் கல்லு... எல்லாம் பாத்துக் கீறினது இல்ல. கொஞ்சம் மடிச்சு எடுத்தது.”

ஸுல்பிகா சிரித்தாள். பகிடி என்று நினைத்தாள். மதினியின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு தானாக நின்றது. ஊசி கையிலேயே இருந்தது.

“ஏன்?”

“என்ட கை பிசகுது எண்டு நெனச்சன். மயிரிழை வித்தியாசம்தானே, திருத்திட்டன்.”

“அந்த மயிரிழையைத்தான் மதினி நான் ரெண்டு வருசமாத் தேடுறன்!”

“எனக்கு எப்பிடித் தெரியும்? கேக்கக்கூடாது எண்டுதானே சொன்ன?”

“எத்தினை?”

“எண்ணல்ல.”

“எத்தினை எண்டு கேட்டன்!”

பார்த்துக் கீறினால் அலீமாவின் கோடு கல்லின் பள்ளத்தில் தொடங்கும். மடித்து எடுத்தால் உச்சியில் தொடங்கும்; பென்சில் ஊன்றிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, கடுகில் பாதி. தாளை அளந்த கொம்பியூட்டருக்கே தெரியாத புள்ளி. ஸுல்பிகா தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அலீமா மறுமுனையைப் பிடித்தாள். பிடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை; கை பழகியிருந்தது.

“இது?”

“பாத்தது.”

“இது?”

“மடிச்சது.”

“இது?”

“பாத்தது. இல்ல பொறு, திருப்பு... மடிச்சது.”

அறுபது சோடி. நடுவில் ஓரிடத்தில் ஸுல்பிகா தன்னை மறந்து, “இந்தப் புள்ளிய வச்சே உங்கட கை எப்ப களைச்சது எண்டு சொல்லலாம் போல மதினி” என்றாள். அலீமாவும், “ஓம், அது லுஹர் தொழுதிட்டு வந்து கீறினது” என்றாள். ஒரு நிமிடம் பழைய மாதிரியே இருந்தது. பிறகு கணக்கு முடிந்தது.

மடித்தது இருபத்துமூன்று. அதில் இருபத்தொன்று எத்தாளைக் கரை.

முப்பது நல்ல மீனில் உண்மையாகப் பார்த்துக் கீறியது ஒன்பதுதான் மிச்சம். ஒன்பது மீனை வைத்து யாரும் யாரையும் நம்ப வைக்க முடியாது.

“கல்ல எடு, இப்பவே கீறுறன்” என்றாள் அலீமா. “பஸ் பன்னண்டு மணிக்குத்தானே? இருபத்துமூண்டுதானே? கண்ண மூடித் திறக்கக்குள்ள...”

“கல்லு இல்ல.”

“எங்க?”

“வயசு பாக்கத் தேச்சிட்டன். படம் இருக்கு எண்டு நம்பித் தேச்சன். அறுபது சோடியும் இப்ப தூள்.”

அடுத்த விநாடி அலீமா குசினிக்கு ஓடினாள். கசக்கி எறிந்த வலக்கல் தாள்கள்! அவற்றில் உண்மையான கோடு இருக்கிறதே! மூலையில் இருந்த கடதாசிப் பெட்டியைக் கவிழ்த்தாள். தேங்காய்த் தும்பும் ஒரு பழைய கலண்டரும் விழுந்தன.

“மாமி, இதுக்குள்ள இருந்த மெல்லிசுத் தாள்?”

பளீலா உம்மா விறகை ஊதிக்கொண்டே சொன்னார். “அது முடிஞ்சு ஒரு மாசம். காஸ் இல்லாம அடுப்பு என்னத்தால பத்துது எண்டு நெனச்ச? நல்லாப் பத்துற தாள் புள்ள அது. இன்னும் இருந்தாத் தா.”

அலீமா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். ஸுல்பிகா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடம் ஒரே மேசையில் முட்டிக்கொண்டு இருந்தவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“மருதாணிக்காரியக் கொண்டுவந்து மேசையில இருத்தினன் பாருங்க, என்னச் சொல்லோணும்.”

இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

“ஓம்” என்றாள் அலீமா. “மருதாணிக்காரிதான். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா மருதாணிக்காரிக்கும் வெளங்கியிருக்கும்.”

“சொல்லக்கூடாது! அதுதான் முறை!”

“எனக்கும் ஒரு முறை இருந்திச்சு ஸுல்பி. அத நீயும் கேக்கல்ல.”

*

கதவு எப்போதோ திறந்திருந்தது. நளீர் நிலையில் சாய்ந்து நின்றான். எவ்வளவு நேரமாக நின்றான் என்பதை அவனுடைய முகமே சொன்னது.

“இது வேற ஆருக்குத் தெரியும்?”

அலீமா ஸுல்பிகாவைப் பார்த்தாள்.

“அப்ப ஒருத்தருக்கும் தெரியா. அப்பிடியே இருக்கட்டும்.”

“நானா...” ஸுல்பிகா அண்ணனைப் பார்த்தாள்.

“குழாயடியில மீன் சாகுதா இல்லயா?”

“சாகுது.”

“குழாயாலதானே?”

“ஓம். எனக்கு நிச்சயம்.”

“அப்ப எது பொய்? மீன் பொய்யா? நாறுற தண்ணி பொய்யா?” அவன் மேசையில் கிடந்த தாள்களைக் கையால் காட்டினான். “ஏழு வயசில மன்னார்க் கரையில இருந்து துரத்தி விட, உம்மாட கையப் புடிச்சுக்கொண்டு வந்தவன் நான். முப்பத்திரண்டு வருசம் கழிச்சு இந்தக் கரையையும் விடச் சொல்லுறியா? ஒரு பென்சில் கோட்டுக்காக?”

ஸுல்பிகா தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். மடித்தது, பார்த்தது என்று பிரித்து வைத்திருந்த இரண்டு கட்டையும் ஒன்றாகச் சேர்த்தாள். கோவைக்குள் வைத்துக் கயிற்றைக் கட்டினாள்.

“ஸுல்பி, என்ன செய்யப் போற?”

“பஸ்ஸுக்கு நேரமாகுது மதினி.”

பஸ்ஸில் ஸுல்பிகா கோவையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் போய் உட்கார்ந்தாள். அலீமாவுக்குக் கிடைத்த இடம் றுக்கியாவுக்குப் பக்கத்தில். வண்ணாத்திவில்லு தாண்டும்வரைக்கும் றுக்கியா மூன்று தடவை வயிற்றைப் பற்றி விசாரித்தாள். மூன்றாவது தடவை அலீமா அழுதுவிட்டாள். அப்படியென்றால் அது வயிறுதான் என்று றுக்கியா முடிவு கட்டிக்கொண்டாள்.

*

கச்சேரி மண்டபத்தில் மின்விசிறி ஓடவில்லை. நடுவில் தலைமை தாங்கிய அம்மா, ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடி, சிங்களம். பக்கத்தில் ஒல்லியாக ஒரு மொழிபெயர்ப்பாளர். இடப்பக்கம் பண்ணை முகாமையாளரும் சட்டத்தரணியும். வலப்பக்கம் கரைத்தீவு முழுக்க, வியர்த்துக்கொண்டு.

ஸுல்பிகா நன்றாகப் பேசினாள். குழாயடி மீன்களின் கோணல் கற்களைக் காட்டியபோது பின்னால் இருந்து “அல்லாஹ்!” என்று ஒரு சத்தம் வந்தது. சட்டத்தரணி மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு எத்தாளைக் கட்டைக் கையில் எடுத்தாள். நின்றாள். கிளாஸில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். அலீமா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சொல்லாதே ஸுல்பி, சொல்லிவிடு ஸுல்பி. எது தன்னுடைய வேண்டுதல் என்று அவளுக்கே தெரியவில்லை.

“எத்தாளைக் கரை மீன்களில்,” என்றாள் ஸுல்பிகா, தாளைப் பார்த்து, “இடக்கல்லுக்கும் வலக்கல்லுக்கும் இடையில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூடக் கிடையாது.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். ஒரு பொய் இரண்டு மொழியில் பதிவாயிற்று. நளீர் மூச்சு விட்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் தட்டினான்.

தலைமை அம்மா தாள்களை வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். முகம் மலர்ந்தது. ஏதோ சொன்னார்.

“மெடம் கேக்கிறாங்க, இத வரைஞ்சது யாரு?”

இருபத்தெட்டுப் பேரும் அலீமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். றுக்கியா முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டாள்.

“மெடம் சொல்றாங்க, அவங்களும் தையல் வேல செய்றவங்களாம். இவ்வளவு ஒத்த கை அவங்க கண்டதே இல்லயாம். ரெண்டு பக்கமும் இப்பிடி ஒண்டுபோல எப்பிடி வரும் எண்டு கேக்கிறாங்க. சும்மா தெரிஞ்சுகொள்ள.”

சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் அலீமா ஒருவேளை சமாளித்திருப்பாள். அந்த அம்மா ஆசையோடு கேட்டார். பதினாறு வருடத்தில் ஒரு சபை நடுவில் அவளுடைய கையைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி. நளீர் தலையை மிக மெதுவாக இடமும் வலமும் ஆட்டினான். ஸுல்பிகா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“மடிச்சால் வரும், மெடம்.”

“என்ன?”

அலீமா நடந்து போனாள். மேசையில் கிடந்த ஒரு வெற்றுத் தாளை எடுத்தாள். பென்சிலால் ஒரு பாதியைக் கீறினாள், மடித்தாள், வெளிச்சத்தில் பிடித்து மறுபாதியைக் கோட்டுக்கு மேல் கோடாக எடுத்தாள், விரித்துக் காட்டினாள்.

“இப்பிடி. மணப்பொம்புளைக்கு எடுக்கிற மாதிரி. கல்லில சின்ன வித்தியாசம் இருந்திச்சு மெடம். என்ட கைப்பிழை எண்டு நெனச்சு நான் அத எடுத்துட்டன். இருபத்துமூண்டு சோடி. எது எது எண்டு இப்பவே காட்டுவன்.”

மொழிபெயர்ப்பாளர் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, தமிழ் தெரிந்த சட்டத்தரணி பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். இனி அவர் எழுத ஒன்றுமில்லை.

மண்டபத்தில் சத்தம் கிளம்பியது. தலைமை அம்மா கையைத் தூக்கி அடக்கினார். அவருடைய முகத்தில் இருந்த மலர்ச்சி போயிருந்தது. ஸுல்பிகாவைப் பார்த்து ஒரே வரியில் கேட்டார்.

“இது உங்களுக்குத் தெரியுமா எண்டு மெடம் கேக்கிறாங்க.”

“அவக்குத் தெரியா!” அலீமா முந்திக்கொண்டாள். “அல்லாஹ் அறிய அவக்குத் தெரியா மெடம். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. பிழை முழுக்க என்ட.”

உண்மையைச் சொல்லி இரண்டு நிமிடம் ஆகவில்லை, பெண் அதற்குள் பொய்க்கும் துணிந்துவிட்டாள். அதிலும் அல்லாஹ்வை இழுத்துக்கொண்டு. மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். தலைமை அம்மா தலையாட்டி எழுதப் போனார். ஸுல்பிகாவுக்கு இனி ஒரு வேலைதான்: பேசாமல் இருப்பது.

“தெரியும்” என்றாள் ஸுல்பிகா.

பேனை நின்றது. அவ்வளவு தமிழ் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

“காலம ஒன்பதரைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இப்ப சொன்னன்.” அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “அவ பிழை எண்டு நெனச்சத எறிஞ்சா. நான் சரி எண்டு ஆசைப்பட்டத வச்சுக்கொண்டன். ரெண்டும் ஒரே வேலைதான் மெடம். எனக்குத் திரும்பச் செய்ய நேரம் தாங்க. இந்த முறை பிசகினதையும் எறியாம வைப்பம். அவதான் கீறோணும். கல்லப் பாக்க அவட கண்ணத் தவிர வேற கண் எனக்கு இல்ல.”

அலீமா நிமிர்ந்தாள். மருதாணிக்காரி என்ற சொல் இன்னும் நெஞ்சுக்குள் குத்திக்கொண்டுதான் இருந்தது. ஒரு வசனத்தில் அது வெளியே வந்துவிடாது. ஆனாலும் நிமிர்ந்தாள்.

சட்டத்தரணி எழும்பினார். எல்லாவற்றையும் தள்ளுபடி செய்து இன்றே அனுமதி தரும்படி கேட்டார். தலைமை அம்மா நீண்ட நேரம் எழுதினார். எழுதி முடித்து வாசித்ததை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பதினான்கு நாள். எத்தாளையில் முப்பது மீன், குழாயடியில் முப்பது மீன். ஓர் அதிகாரிக்கு முன்னால் பிடித்து, அவருக்கு முன்னால் கல்லெடுத்து, அவருக்கு முன்னால் கீற வேண்டும். பதினைந்தாம் நாள் கல் வராவிட்டால் குழாய் வரும்.

பதினான்கு நாள். அலீமா புருஷனைத் தேடினாள். அவனுடைய கதிரை வெறுமையாக இருந்தது.

வேறு பக்கம் பார்த்தாள். பண்ணை முகாமையாளரின் கதிரையும் வெறுமையாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, வேப்பமர நிழலில் பண்ணையின் ஜீப் நின்றது. முகாமையாளர் நளீரின் தோளில் கை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார். ஜீப்பின் பின்பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே வரிசையாக நீலக் கேன்கள். இரண்டு மாதமாகக் கரைத்தீவில் ஒரு மீனவனும் கண்ணால் காணாத மண்ணெண்ணெய். நளீர் தலையைக் குனிந்து கேட்டான். ஒரு தடவை மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு முன் ஆசனத்தில் ஏறினான்.

“எத்தாளைக்குப் போக உங்களுக்கு என்ன வசதி இருக்கு எண்டு மெடம் கேக்கிறாங்க.”

“படகு இருக்கு மெடம்” என்று ஸுல்பிகா சொல்லிக்கொண்டிருந்தாள். “அதப் பத்தி யோசினை இல்ல. எங்கட நானாட படகு.”

வெளியே ஜீப்பின் கதவு சாத்துகிற சத்தம் அலீமாவுக்கு மட்டும் கேட்டது.